சிலூரியன் கப்பலில் பத்து நாள்: திமிங்கிலக் கணக்கெடுப்புக்குப் போன தன்னார்வலரின் மதிப்புரை

பாய்மரத்தின் அடியில் இடப்பக்கமாக நின்று ஒரு மணி நேரம் கடலைப் பார்த்து முடித்த பிறகு, உள்ளே கணினியின் முன் அமர்ந்திருந்த சக தன்னார்வலரிடம் சொல்வதற்கு என்னிடம் இருந்தது இவ்வளவுதான்: கடல்நிலை மூன்று, வானத்தில் எட்டில் ஆறு பங்கு மேகம், பார்வைக்குத் தடையில்லை, உயிரினம் ஏதுமில்லை. அவர் அதை அப்படியே பதிவு செய்தார். இந்த ‘ஏதுமில்லை’யை எழுதுவதற்காக ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டணம் செலுத்தி வந்திருக்கிறேன் என்று பிறகு வீட்டில் சொன்னபோது சிரித்தார்கள். கணக்காய்வுத் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் சிரிக்க எதுவும் தென்படவில்லை. வரவு இல்லாத நாளுக்கும் ஒரு வரி எழுதாத பேரேட்டை நான் ஒருபோதும் நம்பியதில்லை. கடலுக்கும் அதே விதிதான் பொருந்தும் என்பதைப் பத்து நாள் நேரில் பார்த்தேன். இந்தப் பயணத்தை மதிப்பிட வேண்டிய இடமும் அதுவே என்று நினைக்கிறேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய மல் தீவில், வண்ண வண்ண வீடுகள் துறைமுகத்தை நோக்கி வரிசையாக நிற்கும் டோபர்மோரி என்ற சிற்றூரில் இருந்து இயங்குகிறது ‘ஹெப்ரிடியன் வேல் அண்ட் டால்ஃபின் டிரஸ்ட்’ என்னும் அறக்கட்டளை. 1994-இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு 2002-இல் ‘சிலூரியன்’ என்ற 61 அடி நீளமுள்ள இரட்டைப் பாய்மரக் கப்பலை வாங்கியது. அதற்கு முன் அந்தக் கப்பல் பிபிசி நிறுவனத்தின் கடல் ஆவணத் தொடர் ஒன்றின் படப்பிடிப்புக்குப் பயன்பட்டிருக்கிறது. 2003 முதல் கோடைதோறும் அதில் தன்னார்வலர்களை ஏற்றிக்கொண்டு ஹெப்ரிடிஸ் தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். இதுவரை அவர்கள் கணக்கெடுத்த தொலைவு ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நிலநடுக்கோட்டை இரண்டரை முறை சுற்றிவருவதற்கு ஒப்பான அந்தத் தொலைவின் பெரும்பகுதியைப் பார்த்துப் பதிவு செய்தவர்கள் விலங்கியல் படித்தவர்கள் அல்லர். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த ஆசிரியர்கள், செவிலியர்கள், ஓய்வுபெற்றவர்கள், என்னைப் போன்ற கணக்கர்கள்.

போய்ச் சேருவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிளாஸ்கோவில் இருந்து ஓபன் வரை மூன்று மணி நேர ரயில், அங்கிருந்து கிரெய்க்னூருக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட படகுப் பயணம், பிறகு டோபர்மோரி வரை ஒரு பேருந்து. ரயிலும் படகும் பேருந்தும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் என்று நம்பிவிடாமல் முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

கப்பலில் மூன்று ஊழியர்களும் ஆறு தன்னார்வலர்களுமாக ஒன்பது பேர் இருந்தோம். கப்பலைச் செலுத்தும் தலைவர், அவருக்குத் துணையான முதன்மை மாலுமி, ஆய்வுக்குப் பொறுப்பான அறிவியலாளர் என்று ஊழியர் மூவர். முதல் நாள் முழுவதும் பயிற்சியிலேயே கழிந்தது. உயிர்காப்பு அங்கியை அணிவது, ஒருவர் கடலில் விழுந்துவிட்டால் கண்ணை எடுக்காமல் அவரையே சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்பது போன்ற பாதுகாப்புப் பாடங்கள் முதலில் நடந்தன. அதன் பிறகே திமிங்கிலத்தின் பேச்சு வந்தது. அந்தப் பேச்சும் படங்களைக் காட்டி வியப்பூட்டும் வகையில் அமையவில்லை. முதுகுத் துடுப்பு உடலின் எந்த இடத்தில் இருக்கிறது, மூச்சுவிட வரும்போது முதலில் தெரிவது தலையா துடுப்பா, நீரை விட்டு எழுவதா உருள்வதா என்று, ஒரு விநாடி மட்டுமே தெரியப்போகும் உருவத்தை அடையாளம் காண்பதற்கான கேள்விகளாகவே அது இருந்தது.

வேலை முறை பின்வருமாறு. கப்பல் ஏறத்தாழ ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில், முன்னரே வகுத்த பாதையில் சீராகப் போகும். பாய்மரத்தின் அடியில் இருவர் நிற்பார்கள். ஒருவர் நேர் முன்னிருந்து இடப்பக்கம் 90 பாகை வரையும், மற்றவர் வலப்பக்கம் அதே அளவும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாமவர் கீழே கணினியில் பதிவாளராக அமர்ந்திருப்பார். குறித்த நேரம் ஆனதும் இடம் மாறிக்கொள்வோம். ஓய்வில் இருப்பவர் தேநீர் போட்டுக்கொண்டு மேலே வருவார். விலங்கு ஒன்று தென்பட்டால் கோணப்பலகையில் முள்ளைத் திருப்பி அதன் திசையைப் படிக்க வேண்டும். தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இனம், எண்ணிக்கை, எந்தப் பக்கம் நோக்கிப் போகிறது, என்ன செய்கிறது என்று வரிசையாகக் கூவ வேண்டும். விலங்கு எதுவும் இல்லாவிட்டாலும் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை காற்று, அலை, மேகம், பார்வைத் தொலைவு ஆகியவற்றைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

விலங்கைப் பார்த்தால் மட்டும் எழுதினால் போதாதா என்று எங்களில் ஒருவர் முதல் நாளே கேட்டார். அறிவியலாளர் நிதானமாகச் சொன்ன விளக்கத்தை நான் என் தொழில்மொழியில் இப்படிப் புரிந்துகொண்டேன்: ஓர் இடத்தில் பத்து கடற்பன்றிகளை (திமிங்கில வகையைச் சேர்ந்த சிறு உயிரினம்) பார்த்தோம் என்பது வெறும் செய்தி, எத்தனை கிலோமீட்டர் போய், எத்தகைய கடல்நிலையில், எத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பத்தைப் பார்த்தோம் என்பதுதான் கணக்கு. வகுக்கும் எண் இல்லாமல் விகிதம் இல்லை. பார்த்தவற்றை மட்டும் சேர்த்துவைத்தால், படகுகள் அதிகம் போகும் இடத்தில் திமிங்கிலமும் அதிகம் இருப்பதுபோல வரைபடம் பொய் சொல்லும்.

கடல்நிலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பயணத்தின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. காற்றின் வேகத்தை அளக்கும் போஃபோர்ட் அளவுகோலை ஒட்டிக் கடலின் மேற்பரப்புக்கும் எண் கொடுக்கிறார்கள். கண்ணாடியைப் போல அசையாமல் கிடந்தால் சுழி. சிற்றலைகள் எழுந்தும் உடையாமல் இருந்தால் இரண்டு. அலைமுகடுகள் உடைந்து ஆங்காங்கே வெண்ணுரை தெரியத் தொடங்கினால் மூன்று. எண்ணிக்கையில் ஒன்றுதான் கூடுகிறது. ஆனால் ஒன்றரை மீட்டர் நீளமே உள்ள ஹார்பர் போர்ப்பஸ் என்னும் சிறு கடற்பன்றியின் முக்கோணத் துடுப்பு, கையளவு உயரத்துக்கு ஒரு கணம் எழுந்து மறைவதை இரண்டில் பார்த்துவிடலாம். மூன்றில் ஒவ்வொரு அலைமுகடும் ஒரு துடுப்பாகத் தெரியும். முதல் இரண்டு நாட்களில் நான் கூவியவற்றில் பாதிக்கு மேல் அலைகளே. ஒரு முறை மிதந்துகொண்டிருந்த கடற்பாசிக் கொத்தைச் சீல் என்னும் கடல்நாய் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்; பதிவாளராக இருந்த ஓய்வுபெற்ற தபால் ஊழியர் அதற்குப் பெயர் சூட்டலாமா என்று கேட்டார்.

தொலைவு மதிப்பீடு இன்னும் கடினம். தரையில் வீடு, மரம், விளக்குக்கம்பம் என்று கண்ணுக்குப் படிகள் இருக்கின்றன. கடலில் எதுவும் இல்லை. 200 மீட்டர் என்று நான் சொன்ன மிதவை ஒன்று, கப்பல் அதை நெருங்க எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டால், 500 மீட்டருக்கு அப்பால் இருந்திருக்கிறது. இதற்காக ஒவ்வொரு காலையும் மிதவைகளை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சோதனை வைத்தார்கள். நாலாம் நாளுக்குப் பிறகு என் பிழை குறைந்தது. சற்றும் இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சம்பளம் வாங்காத, விடுமுறைக்கு வந்த மனிதர்களின் கண்ணை அளவுகருவியாகப் பயன்படுத்துகிறவர்கள் அந்தக் கருவியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள் என்பதே இந்தச் சேவையைப் பற்றி நான் தரக்கூடிய மிக உயர்ந்த சான்றிதழ்.

கண்ணால் ஆகாததைக் காதால் செய்வதற்கு ஒரு கருவி இருக்கிறது. கப்பலுக்குப் பின்னால் ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள கம்பிவடத்தில் நீரடி ஒலிவாங்கியை இழுத்துச் செல்கிறார்கள். கடற்பன்றி ஏறத்தாழ 130 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலித்துடிப்புகளை எழுப்பி, அவற்றின் எதிரொலியைக் கொண்டு இரையைத் தேடுகிறது. மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அந்த ஒலி நமக்குக் கேட்காது. மென்பொருள் அதைப் பிடித்துத் திரையில் புள்ளிகளாகக் காட்டும். மேலே இரண்டு பேர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு ‘ஏதுமில்லை’ என்று சொல்லும் அதே நேரத்தில் கீழே திரையில் ஒரு கடற்பன்றி கப்பலைக் கடந்து போய்க்கொண்டிருக்கும். அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்படி அமைந்த கணக்கு முறையைக் காணும்போது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வரும் நிம்மதி அது.

ஓங்கில்களின் (டால்ஃபின்களின்) சீழ்க்கையைக் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு நேரடியாகவே கேட்கலாம். நனைந்த விரலால் கண்ணாடியைத் தேய்ப்பது போன்ற அந்த ஒலி, கூட்டம் நெருங்க நெருங்கப் பெருகி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பின் தேய்ந்து மறையும். ஆனால் காதொலிப்பானில் அடிக்கடி கேட்டது வேறு. தொலைவில் போகும் கப்பலின் எந்திர உறுமல். சால்மன் மீன் பண்ணைகளை அண்டவிடாமல் சீல்களை விரட்டுவதற்காக நீருக்கடியில் ஒலித்த கருவிகளின் ஓயாத கிரீச்சொலியும் முந்தைய ஆண்டுகளின் பதிவுகளில் உண்டு. சிலூரியன் 2006 முதல் 2016 வரை திரட்டிய ஒலிப்பதிவுகளை வைத்து, இந்தக் கருவிகளின் இரைச்சல் மேற்குக் கரையில் எவ்வளவு பரவியிருக்கிறது, எப்படிக் கூடிக்கொண்டே வந்திருக்கிறது என்று வரைபடமாகக் காட்டிய ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. சீலை விரட்ட எழுப்பும் ஒலி, செவியையே கண்ணாகக் கொண்ட கடற்பன்றியையும் விரட்டும் என்பதால் அது வெறும் தொந்தரவு அன்று.

என்ன பார்த்தீர்கள் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதை இவ்வளவு தள்ளிவைத்ததற்குக் காரணம் உண்டு, ஆனாலும் சொல்கிறேன். பத்து நாளில் ஏழு நாள் முழுமையாகக் கணக்கெடுக்க முடிந்தது. கடற்பன்றிகளைத் தினமும் பார்த்தோம். ஐந்தாம் நாள் ரம் தீவுக்கும் கான்னா தீவுக்கும் மேற்கே சாதாரண ஓங்கில்களின் கூட்டம் ஒன்று, விலாவில் மணற்கடிகை வடிவில் மஞ்சள் பூசியது போன்ற நிறத்துடன், கப்பலின் அணியத்துக்கு முன்னால் வந்து அரைமணி நேரம் விளையாடிற்று. தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கு மீனவர் வாயில் கேட்ட ‘ஓங்கல்’ என்ற சொல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தானாக வாயில் வந்தது. இந்தத் தீவுகளின் கேலிக் மொழியில் திமிங்கிலத்துக்கு ‘முக் வாரா’ என்று பெயர். அதன் பொருள் கடற்பன்றி என்பதே. நம் அகராதிகள் சிறு இனத்துக்குக் கொடுத்த பெயரை அவர்கள் பேரினத்துக்கே கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் கப்பல்தலைவர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மின்கே திமிங்கிலத்தை மூன்று முறை பார்த்தோம். இந்தக் கடலில் கோடையில் வழக்கமாகக் காணப்படும் பெருந்திமிங்கிலம் அதுவே. எட்டு ஒன்பது மீட்டர் நீளம் வளரும். படங்களில் பார்ப்பதுபோல வாலைத் தூக்கிக்காட்டும் பழக்கம் அதற்கு இல்லை. கறுத்த முதுகு ஒன்று நீரைக் கிழித்து உருண்டு, வெகுவாகப் பின்னால் தள்ளியிருக்கும் கொக்கி போன்ற சிறு துடுப்பைக் காட்டிவிட்டு அமிழ்ந்துவிடும். பிறகு பல நிமிடங்கள் ஏதுமில்லை. மூன்றாவதைக் கண்ணுக்கு முன் மூக்கு கண்டுபிடித்தது. காற்று எதிர்முகமாக வீசியபோது அழுகிய முட்டைக்கோசை வேகவைத்தது போன்ற நாற்றம் வந்தது. அதன் மூச்சின் வாடைக்காகவே இங்குள்ள படகோட்டிகள் அதற்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். கானட் பறவைகள் கூட்டமாக வானத்திலிருந்து செங்குத்தாக விழுந்து மீன்பிடிக்கும் இடத்தைக் கவனியுங்கள் என்று அறிவியலாளர் சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்த இடத்தில் முதுகு உருண்டது. துடுப்பின் விளிம்பில் உள்ள வெட்டுகளையும் வடுக்களையும் வைத்து ஒவ்வொரு திமிங்கிலத்தையும் தனித்தனியாக அடையாளம் காண்பார்கள் என்பதால், அப்போது மட்டும் வகுத்த பாதையை விட்டுச் சற்று விலகிப் புகைப்படம் எடுத்தோம். விலகிய கணமே ‘கணக்கெடுப்பு நிறுத்தம்’ என்று பதிவாயிற்று. திரும்பிப் பாதையில் ஏறியதும் ‘தொடக்கம்’ என்று பதிவாயிற்று. திமிங்கிலத்தைத் துரத்தவில்லை, எங்களுக்கு இணையாக அது வந்தவரை எடுத்தோம், போனதும் விட்டுவிட்டோம்.

ஓர்க்கா திமிங்கிலத்தை நாங்கள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கரைக்கே உரிய ஓர்க்காக் கூட்டம் ஒன்று இருந்தது. ஆய்வு தொடங்கிய 1990களிலிருந்து அந்தக் கூட்டத்தில் ஒரு குட்டியைக்கூட எவரும் பார்த்ததில்லை. 2016 ஜனவரியில் லூலு என்று பெயரிடப்பட்ட பெண் ஓர்க்கா டைரீ தீவில் இறந்து ஒதுங்கியது. மீன்பிடிக் கயிற்றில் சிக்கி இறந்திருந்தது. உடலைச் சோதித்தபோது, 1980களிலேயே தடைசெய்யப்பட்ட பிசிபி என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள் அதன் கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் இருந்தது. இதுவரை எந்தத் திமிங்கில இனத்திலும் பதிவான மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. குறைந்தது இருபது வயதான அந்த ஓர்க்கா ஒருமுறைகூடக் குட்டி ஈன்றதில்லை என்பதும் தெரியவந்தது. பின்னர் ஜான் கோ, அக்வேரியஸ் என்ற இரண்டு ஆண்கள் மட்டுமே தொடர்ந்து தென்பட்டு வந்திருக்கின்றன. 2021-இல் அவ்விரண்டும் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால் அருகே தென்பட்டன. அந்த இரண்டையும் பார்த்துவிட்டால் பயணம் பலித்தது என்று எண்ணுபவர்கள் ஒரு முடிந்துபோகும் கதையின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவே பணம் கட்டுகிறார்கள்.

லூலுவின் கதையைக் கேட்ட அடுத்த நாள் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை மிதவைகளை எண்ணுவது. நண்டுக்கும் இறாலுக்கும் கடலடியில் வைக்கும் கூண்டுகளின் மிதவைகள் அவை. பலருக்கு இது தண்டனையாகப் பட்டது. எனக்கு இதுதான் பயணத்தின் மிகப் பயனுள்ள பகல். ஒரு மிதவையின் கீழே தொங்குவது ஒரு கயிறு. அதன் அடியில் பல கூண்டுகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். கூண்டுக்கும் கூண்டுக்கும் இடையே உள்ள கயிறு மிதக்கும் தன்மை உடையதாக இருந்தால், அது அடியில் படியாமல் வளையங்களாக எழுந்து நிற்கும். மின்கே சிக்குவது பெரும்பாலும் இந்த இடைக்கயிற்றில்தான். ஸ்காட்லாந்துக் கடலில் இப்படிச் சிக்கும் மின்கே திமிங்கிலங்கள் ஆண்டுக்குச் சுமார் 30 என்றும் கூனல் திமிங்கிலங்கள் சுமார் 6 என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். மீனவர்களைக் குற்றம் சொல்லி ஒதுக்காமல் அவர்களையே பேட்டி கண்டுதான் அந்த ஆய்வு நடந்தது. அடியில் படியும் கயிற்றை அவர்களோடு சேர்ந்தே சோதித்தும் பார்க்கிறார்கள். கயிறு எங்கே அதிகம், திமிங்கிலம் எங்கே அதிகம் என்ற இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டுமானால், யாராவது ஒருவர் ஒரு பகல் முழுவதும் ஆரஞ்சு நிற உருண்டைகளை எண்ணத்தானே வேண்டும்.

வசதிகளைப் பொறுத்தவரை, பாய்மரக் கப்பலில் என்ன எதிர்பார்க்கலாமோ அதுதான். இரண்டிரண்டு பேருக்கு ஓர் அறை. அறை என்பது இரண்டு படுக்கைகளும் அவற்றுக்கு இடையே ஒருவர் மட்டும் நின்று கால்சட்டை மாட்டக்கூடிய இடமும். நன்னீர் அளவாகவே இருப்பதால் தினமும் தலைக்குக் குளிக்கும் வழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். சமையல் முறைவைத்து நடக்கும். என் முறை வந்த நாளில் பருப்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்தேன். கப்பல் சாய்ந்தபோது கடுகு தாளித்த எண்ணெய் அடுப்பின் மறுபக்கம் போனதைத் தவிர வேறு இடர் இல்லை. புலால் உண்ணாதவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் குறை இருக்காது. ஒவ்வொரு மாலையும் ஒதுக்கமான குடா ஒன்றில் நங்கூரம் போட்டுவிடுவதால் இரவில் ஆட்டம் இல்லை. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கரையிலிருந்து ஒரு கொசுவினும் சிறிய மிட்ஜ் பூச்சிகள் கூட்டமாக வந்து கடிக்கும்.

கடல்மயக்கம் எனக்கு இரண்டு நாள் இருந்தது. மாத்திரையைத் தலைசுற்றல் தொடங்கிய பிறகு விழுங்குவதில் பயனில்லை. புறப்படும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். மேலே நின்று அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை தெரியாது. கீழே கணினியின் முன் அமர்ந்தால்தான் வயிறு புரளும். என் பதிவாளர் முறையை அந்த இரண்டு நாளும் தபால் ஊழியர் ஏற்றுக்கொண்டார். எட்டாம் நாள் தென்மேற்கிலிருந்து பெருங்காற்று வரும் என்ற அறிவிப்பால் ஸ்கை தீவின் ஒரு குடாவிலேயே நாள் முழுவதும் கிடந்தோம். எடுத்த புகைப்படங்களைப் பழைய துடுப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பொழுது போயிற்று. இப்படி நாட்கள் வீணாகும் என்பதை ஏற்க முடியாதவர்கள் இந்தப் பயணத்துக்கு வரக் கூடாது.

இனிப் பணத்தின் விஷயம். உழைப்பையும் கொடுத்து, அதற்குப் பணமும் கொடுப்பது தன்னார்வம் ஆகுமா என்ற கேள்வி நியாயமானது. எரிபொருள், கப்பல் பராமரிப்பு, காப்பீடு, மூன்று பேரின் ஊதியம், பத்து நாள் உணவு என்று கூட்டிப் பார்த்தால் கட்டணம் அதிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தன்னார்வலர் பணம் இல்லாவிட்டால் இருபது ஆண்டு இடைவிடாத தரவு என்ற ஒன்றே இருந்திருக்காது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. பணமும் பத்து நாள் விடுப்பும் உள்ளவர்களின் கண்கள் மட்டுமே கடலைப் பார்க்கின்றன. கடல்வாழ் உயிரியல் படிக்கும் மாணவர்கள் பலருக்கு இந்தத் தொகை எட்டாதது. அவர்களுக்குத்தான் இந்த அனுபவம் தொழிலுக்கு உதவும். இது எந்த ஒரு நிறுவனத்தின் பிழையும் இல்லை, கடலாய்வுக்கு அரசுகள் ஒதுக்கும் பணத்தின் போதாமையால் வருவது. என்றாலும் குறை குறைதான்.

தன்னார்வ ஆய்வு என்ற பெயரில் நடக்கும் எல்லாப் பயணமும் இப்படி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் வெப்பக் கடல் நாடொன்றில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஏற்பாட்டாளரிடம் ‘ஓங்கில் ஆய்வுத் தன்னார்வலர்’ என்று ஒரு வாரம் இருந்தேன். படகு ஓங்கிலைக் கண்டதும் அதன்மேலேயே பாய்ந்தது. குட்டியுடன் இருந்த தாயைக்கூட விடவில்லை. எங்கள் கையில் கொடுத்த படிவத்தில் எண்ணிக்கைக்கு ஒரு கட்டமும் தற்படத்துக்கு ஒரு கட்டமும் இருந்தன. எவ்வளவு தொலைவு போனோம், கடல் எப்படி இருந்தது என்பதற்குக் கட்டமே இல்லை. அந்தத் தாள்கள் எங்கே போகும் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து பணம் கட்டும் முன் நான் கேட்பது ஒரே கேள்வி: எதையும் பார்க்காத நாளில் என்ன எழுதுவீர்கள்? பதில் சொல்லத் தடுமாறுகிறவர்கள் நடத்துவது சுற்றுலா. சுற்றுலாவில் தவறில்லை, அதை ஆய்வு என்று விற்பதில்தான் தவறு.

சிலூரியனின் தாள்கள் எங்கே போயின என்பதற்குப் பதில் வரைபடத்திலேயே இருக்கிறது. உள் ஹெப்ரிடிஸ் தீவுகளையும் மின்ச் கடற்பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 13,800 சதுரக் கிலோமீட்டர் பரப்பு ஹார்பர் போர்ப்பஸுக்கான காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோதும், 2020 டிசம்பரில் மின்கே திமிங்கிலத்துக்கும் பெருவாய்ச் சுறாவுக்குமாக (பாஸ்கிங் ஷார்க்) ஹெப்ரிடிஸ் கடலிலும், ரிஸ்ஸோ ஓங்கிலுக்காக லூயிஸ் தீவின் வடகிழக்கிலும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகள் அறிவிக்கப்பட்டபோதும், அந்த எல்லைகளை வகுக்கப் பயன்பட்ட தரவுகளில் இந்தக் கப்பலின் பதிவுகளும் இருந்தன. அறிவித்த பிறகு அங்கே என்ன கட்டுப்பாடு, யார் கண்காணிப்பு என்பது வேறு வழக்கு. அதில் எனக்கு ஐயங்கள் உண்டு. ஆனால் கோடு எங்கே போட வேண்டும் என்பதையாவது ஊகத்தில் முடிவு செய்யவில்லை.

இந்தத் தொகையைச் செலவிட இயலாதவர்களுக்கும் வழி உண்டு. பிரிட்டனில் 2001 முதல் இயங்கும் ‘ஓர்கா’ என்ற அறக்கட்டளை, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைப் பயணிகள் கப்பல்களின் மேல்தளத்தில் இருந்து கணக்கெடுக்க அனுப்புகிறது. செலவு வெகு குறைவு, பயிற்சியும் முறையானது. கரையில் இருந்தே பார்க்க விரும்புவோர், டோபர்மோரி அறக்கட்டளையே 2017-இல் வெளியிட்ட ‘வேல் டிராக்’ செயலியில் பதியலாம். பார்த்ததை மட்டும் அன்றி, பார்க்கப் போய்ப் பார்க்காமல் திரும்பிய நேரத்தையும் அதில் பதிய முடியும் என்பது எனக்குப் பிடித்த அம்சம். இந்தியாவில் இருந்தோ இலங்கையில் இருந்தோ சுற்றுலா விசாவில் பிரிட்டன் வருபவர்கள், வருகையின் முதன்மை நோக்கம் அதுவாக இல்லாதவரை, பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மொத்தம் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்ய விதி இடம் தருகிறது. ஆயினும் விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதியைப் படித்துக்கொள்வது அவசியம்.

மீண்டும் போவேனா என்றால், அடுத்த கோடைக்கு மே மாதத்துப் பயணம் ஒன்றில் இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். மே, ஜூனில் மின்கே குறைவாகத் தெரியலாம். பகல் நீளம், பஃபின் பறவைகள் உண்டு, மே மாதத்தில் பூச்சிக்கடியும் குறைவு. திமிங்கிலத்தைத்தான் முதன்மையாக நினைப்பவர்கள் ஜூலை, ஆகஸ்டைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த மாதமானாலும் கம்பளிக் கையுறை இரண்டு இணை எடுத்துச் செல்லுங்கள். ஒன்று எப்போதும் எந்திர அறையில் காய்ந்துகொண்டிருக்கும்.